அகர வரிசையில் வந்து ஓட்டுப் போட்டவர்கள்

கேள்வி: 1947-ல் அமெரிக்காவில் ஒரே மாநிலத்துக்கு ஒரே சமயத்தில் மூன்று கவர்னர்கள் இருந்தார்களாமே? செத்துப்போனவர்கள்கூட ஓட்டுப் போட்டதாகப் படித்தேன். உலகத்துக்கே ஜனநாயகப் பாடம் நடத்துகிற நாட்டில் கள்ள ஓட்டா! அந்தக் கூத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்களேன். ஓட்டுகளை முறைப்படி எண்ணியிருந்தால் இந்த அசிங்கம் நடந்திருக்குமா?
— ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: கூத்தைச் சொல்கிறேன். ஆனால் கடைசியில் ஒரு கேள்வி கேட்டிருக்கிறீர்களே, அதற்குத்தான் பதில் கசப்பாக இருக்கும். முறைப்படி எண்ணித்தான் ஐயா அந்த அசிங்கத்தை நடத்தினார்கள்.

ஜார்ஜியா மாநிலம். நம் ஊர் கவர்னரை மனதில் வைத்துக்கொண்டு படிக்காதீர்கள். அங்கே கவர்னர் என்பவர் ஜனங்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிற ஆள், அதிகாரத்தில் நம் முதலமைச்சர் மாதிரி. 1946 நவம்பரில் யூஜீன் டால்மட்ஜ் என்பவர் நான்காவது முறையாகக் கவர்னராகத் தேர்வானார். சிவப்பு சஸ்பெண்டரை இழுத்துவிட்டுக்கொண்டு மேடையில் முழங்குகிற பேச்சாளர். ஏழை விவசாயிக்கு உலகத்தில் மூன்றே நண்பர்கள்: கடவுள், தபாலில் சாமான் அனுப்பும் சியர்ஸ் ரோபக் கம்பெனி, அப்புறம் இந்த டால்மட்ஜ் என்பது அவருடைய பிரசித்தமான வசனம். நவம்பர் தேர்தலில் எதிர்த்து ஆளே இல்லை. அன்றைய ஜார்ஜியாவில் டெமாக்ரடிக் கட்சியின் வேட்பாளராகிவிட்டால் ஜெயித்த மாதிரிதான். பொதுத்தேர்தல் வெறும் சடங்கு.

ஆனால் மனிதருக்கு உடம்பு சரியில்லை. கல்லீரல் கெட்டுப்போயிருந்தது. கூட இருந்தவர்களுக்கு அது தெரியும். எதற்கும் இருக்கட்டும் என்று, ஓட்டுச்சீட்டில் அவருடைய மகன் ஹெர்மன் டால்மட்ஜின் பெயரைக் கையால் எழுதிப் போடும்படி சில இடங்களில் ரகசியமாக ஏற்பாடு செய்துவைத்தார்கள். ஓட்டுச்சீட்டில் இல்லாத பெயரை எழுதிப் போட அங்கே சட்டம் இடம் கொடுக்கிறது. டிசம்பர் 21-ம் தேதி, பதவியேற்கும் முன்பே, தகப்பனார் இறந்துபோனார்.

இப்போது கவர்னர் யார்? 1945-ல் எழுதிய புது அரசியல் சட்டத்தில் துணைக் கவர்னர் பதவியை முதன்முதலாக உண்டாக்கியிருந்தார்கள். அதற்குத் தேர்வானவர் மெல்வின் தாம்சன். அவர் 'நான்தான்' என்றார். யாருக்கும் பெரும்பான்மை இல்லையென்றால், அதிக ஓட்டு வாங்கியவர்களில் உயிரோடிருக்கும் இருவரிலிருந்து ஒருவரைச் சட்டசபை தேர்ந்தெடுக்கலாம் என்று அதே சட்டத்தில் ஒரு விதி இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு ஹெர்மன் 'நான்தான்' என்றார். பதவிக்காலம் முடிகிற எல்லிஸ் ஆர்னல், 'அடுத்தவர் முறையாக வரும்வரை நாற்காலி என்னுடையது' என்று உட்கார்ந்துகொண்டார். ஆக மூன்று பேர்.

பெயர் எழுதிப் போட்ட ஓட்டுகளை எண்ணியபோது ஹெர்மனுக்கு ஒரு சங்கடம் வந்தது. ஜேம்ஸ் கார்மைக்கேலுக்கு 669, பவர்ஸ் என்ற ரிபப்ளிகன் கட்சிக்காரருக்கு 637, ஹெர்மனுக்கு 617. முதல் இரண்டில் அவர் இல்லை! அந்த நேரம் பார்த்து, டால்மட்ஜ் குடும்பத்தின் சொந்த இடமான டெல்ஃபேர் கவுன்டியிலிருந்து (கவுன்டி என்றால் நம் தாலுகாவைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள்), எண்ணாமல் விட்டுப்போன 58 ஓட்டுகள் 'கண்டெடுக்கப்பட்டன'. ஹெர்மன் 675. முதலிடம். ஜனவரி 15 விடிவதற்குள் சட்டசபை 161-க்கு 87 என்று அவரைக் கவர்னராக்கிவிட்டது.

அப்புறம் 'அட்லாண்டா ஜர்னல்' நிருபர் ஜார்ஜ் குட்வின் டெல்ஃபேருக்குப் போய்ப் பட்டியலைப் பார்த்தார். ஒரு சாவடியில் வாக்காளர்கள் அகர வரிசைப்படி, பெயரின் முதல் எழுத்துப் பிசகாமல், ஒருவர் பின் ஒருவராக வந்து ஓட்டுப் போட்டிருந்தார்கள். பள்ளிக்கூட ஆஜர் பட்டியல்கூட அவ்வளவு ஒழுங்காக இருக்காது. அதில் சிலர் இறந்துபோனவர்கள், சிலர் ஊரைவிட்டே போனவர்கள். குட்வினுக்கு 1948-ல் புலிட்சர் பரிசு கிடைத்தது. நீங்கள் படித்த செத்தவர் ஓட்டு இதுதான்.

அதற்குள் தலைமைச் செயலகத்தில் இன்னொரு நாடகம் நடந்து முடிந்திருந்தது. ஹெர்மனின் ஆட்கள் கவர்னர் அறையின் பூட்டை மாற்றிவிட்டார்கள். மறுநாள் ஆர்னல் வந்தபோது உள்ளே போக முடியவில்லை. வட்டக்கூடத்தில் இருந்த தகவல் கவுன்ட்டரில் உட்கார்ந்து, 'இதுதான் கவர்னர் அலுவலகம்' என்றார். மாநில முத்திரையை வைத்திருந்த செயலாளர் பென் ஃபோர்ட்சன், யாரிடமும் அதைக் கொடுக்காமல் தன் சக்கர நாற்காலியின் மெத்தைக்கு அடியில் வைத்துக்கொண்டார் என்பார்கள். மூன்று கவர்னர்கள் அடித்துக்கொண்டபோது உருப்படியாக வேலை பார்த்தவர் முத்திரைமேல் உட்கார்ந்திருந்த அந்த ஒருத்தர்தான்.

ஜனவரி 18-ம் தேதி ஆர்னல் பதவி விலகி, இடத்தைத் தாம்சனுக்கு விட்டார். மார்ச் 19-ம் தேதி மாநில உச்ச நீதிமன்றம் 5-க்கு 2 என்று தாம்சன் பக்கம் தீர்ப்புச் சொன்னது. யூஜீன் பெரும்பான்மை வாங்கித்தான் இறந்தார், ஆகவே சட்டசபை யாரையும் தேர்ந்தெடுக்கும் பேச்சே எழவில்லை என்பது சாரம். ஹெர்மன் கிளம்பிப் போனார். கூத்து முடிந்தது.

சரி, சிரித்தாகிவிட்டதா? இந்த 669 ஓட்டு வாங்கிய கார்மைக்கேல் யாரென்று நீங்கள் கேட்கவில்லை. கதையைச் சொல்கிறவர்களும் அவரைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

1946 ஜூலை 17-க்குத் திரும்புங்கள். அன்றுதான் டெமாக்ரடிக் கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் பிரைமரி, அதாவது உண்மையான தேர்தல். போர்க்காலத்தில் மரியெட்டாவில் பெல் கம்பெனியின் குண்டுவீச்சு விமானத் தொழிற்சாலையை நடத்தியவர் கார்மைக்கேல். ஆர்னலின் ஆதரவு அவருக்குத்தான். ஓட்டு எண்ணிக்கை: கார்மைக்கேல் 3,13,389. டால்மட்ஜ் 2,97,245. முன்னாள் கவர்னர் ரிவர்ஸ் 69,489. கார்மைக்கேல் 16,000-க்கும் மேல் முன்னால். ஆனால் ஜெயித்தவர் டால்மட்ஜ்! இதில் ஒரு கள்ள ஓட்டும் தேவைப்படவில்லை.

எப்படி? 1917-ல் ஒரு சட்டம் போட்டிருந்தார்கள். பிரைமரியில் ஜெயிப்பவரை மொத்த ஓட்டு தீர்மானிக்காது, ஒவ்வொரு கவுன்டிக்கும் ஒதுக்கிய 'யூனிட்' என்கிற புள்ளிதான் தீர்மானிக்கும். ஜார்ஜியாவில் 159 கவுன்டிகள். பெரிய கவுன்டிகள் எட்டுக்கு ஆளுக்கு 6 யூனிட். அடுத்த முப்பதுக்கு ஆளுக்கு 4. மீதி 121-க்கு ஆளுக்கு 2. கவுன்டியில் ஒரு ஓட்டு அதிகம் வாங்கினாலும் அதன் யூனிட் மொத்தமும் உங்களுடையது. மொத்தம் 410 யூனிட், பெரும்பான்மைக்கு 206. பென்சிலை எடுத்துப் போட்டுப் பாருங்கள். சின்னக் கவுன்டிகள் 121-ஐயும் இரண்டால் பெருக்கினால் 242. அதாவது அட்லாண்டா உட்பட பெரிய ஊர்கள் இருக்கிற 38 கவுன்டிகளும் ஒட்டுமொத்தமாகக் கைவிட்டாலும், சின்னதுகளை மட்டும் வைத்துக்கொண்டு மாநிலத்தையே ஜெயிக்கலாம். டால்மட்ஜ் வாங்கியதும் சரியாக 242 யூனிட். அது தற்செயல், சில பெரியதும் அவருக்கு வந்தது, சில சின்னது போனது. கார்மைக்கேலுக்கு 146, ரிவர்ஸுக்கு 22. டிராம் ஓடுகிற ஊரில் எனக்கு ஓட்டு வேண்டாம் என்கிற தோரணையில் டால்மட்ஜ் பேசித் திரிந்தது வாய்க்கொழுப்பு அல்ல, கணக்கு.

'கிராமத்து விவசாயியின் குரலும் கேட்கட்டுமே, அதில் என்ன தப்பு' என்று அடுத்த வாரம் யாராவது கடிதம் எழுதுவீர்கள். தெரியும். யாருடைய குரலை அமுக்க அந்த ஏற்பாடு உதவியது என்பதையும் பார்த்துவிட்டு எழுதுங்கள். டெமாக்ரடிக் பிரைமரியில் வெள்ளையர் மட்டுமே ஓட்டுப் போடலாம் என்பதுதான் அதுவரை அங்கே வழக்கம். கொலம்பஸ் நகரத்தில் முடிதிருத்தும் தொழில் செய்துகொண்டு மதப் பிரசங்கமும் செய்த பிரைமஸ் கிங் என்ற கறுப்பர், 1944 ஜூலை 4-ம் தேதி, அந்த நாட்டின் சுதந்திர தினத்தன்று, ஓட்டுப் போடப் போனார். வெளியே தள்ளினார்கள். வழக்குப் போட்டார், ஜெயித்தார். 1946 ஏப்ரலில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டை ஏற்க மறுத்ததோடு வெள்ளையர் பிரைமரி ஒழிந்தது. அந்த ஜூலைக்குள் லட்சத்துக்கும் மேற்பட்ட கறுப்பின மக்கள் பெயரைப் பதிவு செய்துகொண்டார்கள். வாக்காளர் வயதைப் பதினெட்டாகக் குறைத்ததும், ஓட்டுரிமைக்காகக் கட்டவேண்டியிருந்த தலைவரியை எடுத்ததும் ஆர்னலின் ஆட்சிதான்.

டால்மட்ஜின் பிரசாரம் முழுக்க இதற்கு எதிராகத்தான்: வெள்ளையர் பிரைமரியைத் திரும்பக் கொண்டுவருவேன். அவருடைய ஆட்கள் ஆட்சேபப் படிவங்களை அச்சடித்துக் கவுன்டி கவுன்டியாக விநியோகித்துக் கறுப்பர் பெயர்களைப் பட்டியலிலிருந்து எடுக்கப் பார்த்தார்கள். சின்னக் கவுன்டியில் சில நூறு பெயரை அடித்தால் இரண்டு யூனிட் பத்திரம். யூனிட் கணக்கும் இனவெறியும் எப்படிக் கைகோத்தன என்று புரிகிறதா? நகரத்தில் கறுப்பர்கள் எத்தனை ஆயிரம் ஓட்டுப் போட்டாலும் போகட்டும். அட்லாண்டா இருக்கிற ஃபுல்டன் கவுன்டிக்கு ஆறே யூனிட்தான். மூன்று பட்டிக்காட்டுக் கவுன்டி அதைச் சரிக்கட்டிவிடும்.

டெய்லர் கவுன்டியில் மாசியோ ஸ்னைப்ஸ் என்பவர் ஓட்டுப் போட்டார். இரண்டாம் உலகப் போரில் சண்டை போட்டுவிட்டு வந்தவர். அவருடைய வட்டாரத்தில் ஓட்டுப் போட்ட ஒரே கறுப்பர் அவர்தான். மறுநாள் வெள்ளையர்கள் வீடு தேடி வந்து சுட்டார்கள். சில நாளில் இறந்துபோனார். பிரைமரி முடிந்து எட்டாவது நாள், ஜூலை 25, வால்டன் கவுன்டியில் மூர்ஸ் ஃபோர்ட் பாலத்தருகே இரண்டு கறுப்புத் தம்பதிகளை ஒரு கும்பல் சுட்டுக்கொன்றது. யாரும் தண்டிக்கப்படவில்லை. அடுத்த மாதம் 'அட்லாண்டா கான்ஸ்டிடியூஷன்' பத்திரிகைக்கு, கறுப்பர்களுக்கும் சம உரிமை வேண்டும் என்று பதினேழு வயதுக் கல்லூரி மாணவர் ஒருவர் கடிதம் எழுதினார். பெயர் மார்ட்டின் லூதர் கிங்.

இவ்வளவையும் விட்டுவிட்டு 58 கள்ள ஓட்டைக் கேட்கிறீர்கள். செத்தவர்கள் போட்ட அந்த ஓட்டை நீதிமன்றம் இரண்டே மாதத்தில் ஒன்றுமில்லாமல் ஆக்கிவிட்டது. உயிரோடிருந்த 3,13,389 பேர் போட்ட ஓட்டைத் தோற்கடித்த யூனிட் முறை செல்லாது என்று தீர்ப்பு வர 1963 மார்ச் ஆனது. அமெரிக்க அரசின் சட்டத்துறைத் தலைவராக இருந்த ராபர்ட் கென்னடியே அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் நின்று அந்த முறைக்கு எதிராக வாதாடினார். ஃபுல்டனில் 5,56,326 பேர், ஆறு யூனிட். எக்கோல்ஸ் என்ற கவுன்டியில் 1,876 பேர், இரண்டு யூனிட். ஆக எக்கோல்ஸ்காரர் ஒருவர் அட்லாண்டாக்காரர்கள் 99 பேருக்குச் சமம் என்று தீர்ப்பிலேயே கணக்குப் போட்டிருக்கிறார்கள். 'ஒருவருக்கு ஒரு ஓட்டு' என்ற வாசகம் சட்டத்தில் பிரபலமானது அந்த வழக்கில்தான்.

ஹெர்மன் என்ன ஆனார் என்று கேட்பீர்கள். 1948 தேர்தலில் தாம்சனைத் தோற்கடித்து முறைப்படியே கவர்னரானார். அப்புறம் செனட்டில் 24 வருஷம். கார்மைக்கேல் மறுபடி தேர்தல் பக்கமே வரவில்லை. அட்லாண்டாவில் ஸ்க்ரிப்டோ என்ற பேனா, பென்சில் கம்பெனிக்குத் தலைவராகப் போய்ச் சேர்ந்தார்.