ஃபாக்ஸ்புரோவைத் தூக்கிப்போடலாமா? – கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

ராணிப்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். விஷுவல் ஃபாக்ஸ்புரோ 9 என்ற மைக்ரோசாஃப்ட்டின் டேட்டாபேஸ் மொழியில் எழுதிய பழைய புரோகிராம்களைப் பராமரிப்பதுதான் எனக்குச் சோறு போடுகிறது. இங்கே ஒரு தோல் கம்பெனி, ஆரணியில் ஓர் அரிசி மண்டி, ஆற்காட்டில் ஓர் அடகுக்கடை. எல்லோரும் வருஷாவருஷம் ஏஎம்சி (வருடப் பராமரிப்பு ஒப்பந்தம்) பணத்தைத் தட்டாமல் தருகிறார்கள்.

போன வாரம் மண்டியில் கரண்ட் போய் வந்ததிலிருந்து பில் டேபிள் திறக்க மறுக்கிறது. இண்டெக்ஸை (தேடல் பட்டியலை) மறுபடி கட்டும் ரீஇண்டெக்ஸ் கொடுத்தாலும் அதே 2091 எரர், டேபிள் கெட்டுவிட்டது என்று. தோல் கம்பெனியில் எல்லா மெஷினையும் விண்டோஸ் 11-க்கு மாற்றப்போகிறார்கள். அவர்களுடைய ஆடிட்டர் வேறு இந்த சாஃப்ட்வேர் இனி செல்லாது என்கிறார். கூட வேலை செய்யும் பையன்கள், மொத்தத்தையும் வெப்பில் புதிதாக எழுதிவிடலாம் என்கிறார்கள். மைக்ரோசாஃப்ட்டே கைவிட்ட ஒன்றுக்குக் காசு வாங்குவது சரிதானா என்ற உறுத்தலும் எனக்கு உண்டு. என்ன செய்யலாம்?

– ஒரு வாசகர், ராணிப்பேட்டை

அன்புள்ள நண்பருக்கு,

உறுத்தலை முதலில் முடித்துவிடுவோம். விஷுவல் ஃபாக்ஸ்புரோ 9 வெளிவந்தது 2004 டிசம்பரில். அடுத்த பதிப்பு கிடையாது என்று மைக்ரோசாஃப்ட் 2007 மார்ச்சில் சொல்லிவிட்டது. 2015 ஜனவரி 13-உடன் சப்போர்ட்டும் முடிந்தது. இதை உங்கள் பார்ட்டிகளுக்கு ஒரு தாளில் எழுதிக் கொடுத்துக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். தெரிந்தே பணம் தருகிறவர்களிடம் வாங்குவதில் தப்பில்லை. அந்தப் பணத்துக்கு அவர்களுக்கு நீங்கள் கடன்பட்டிருப்பது, அந்த டேட்டா ஃபோல்டர் எந்த நாளிலும் பத்திரமாகத் திறக்கும் என்பதுதான். ஸ்கிரீன், ரிப்போர்ட் எல்லாம் அதற்குப் பிறகு.

இப்போது ஆரணி. 2091 எரருக்கு இண்டெக்ஸ் காரணமில்லை, அதனால் ரீஇண்டெக்ஸ் உதவாது. டேபிளின் டேட்டா இருக்கும் டிபிஎஃப் ஃபைலின் ஹெடரில் (தலைப்பகுதியில்) எழுதியிருக்கும் ரெக்கார்ட் எண்ணிக்கையும் ஃபைலில் உண்மையில் இருக்கும் ரெக்கார்டுகளும் ஒத்துப்போகவில்லை என்பதே இதற்குப் பொருள். புது பில் சேரும்போது ரெக்கார்ட் டிஸ்க்குக்குப் போய், ஹெடரைத் திருத்துவதற்குள் கரண்ட் போயிருக்கும்.

எல்லோரையும் வெளியே வரச் சொல்லுங்கள். டிபிஎஃப், இண்டெக்ஸ் இருக்கும் சிடிஎக்ஸ், நீண்ட குறிப்பும் படமும் இருக்கும் எஃப்பிடி மூன்றையும் சேர்த்து வேறு ஃபோல்டருக்கு நகல் எடுத்து, நகலில் மட்டும் வேலை செய்யுங்கள். ஃபைலை பைட் பைட்டாகக் காட்டும் ஒரு ஹெக்ஸ் எடிட்டரில் டிபிஎஃப்பைத் திறந்து பூஜ்யத்திலிருந்து பைட்டுகளை எண்ணுங்கள். 4 முதல் 7 வரை ரெக்கார்ட் எண்ணிக்கை, 8-உம் 9-உம் ஹெடரின் நீளம், 10-உம் 11-உம் ஒரு ரெக்கார்டின் நீளம். எல்லாமே சிறிய பைட் முதலில் வரும் வரிசை. 24 ஃபீல்டு உள்ள டேபிளுக்கு ஹெடர் 1,064 பைட். ரெக்கார்ட் நீளம் 180, ஹெடர் சொல்லும் எண்ணிக்கை 22,904 என்று வைத்துக்கொள்வோம். 22,904-ஐ 180-ஆல் பெருக்கி 1,064-ஐயும் ஃபைல் முடிவுக் குறிக்கு 1-ஐயும் கூட்டினால் 41,23,785. விண்டோஸ் காட்டும் அளவு 41,23,965 என்றால் சரியாக 180 பைட் கூடுதல். ஹெடருக்குத் தெரியாத ஒரு பில் உள்ளே உட்கார்ந்திருக்கிறது. 4 என்ற எண்ணுள்ள பைட்டிலிருந்து 79 59 00 00 (22,905-இன் ஹெக்ஸ் வடிவம்) என்று எழுதினால் எண்ணிக்கை 22,905 ஆகிவிடும். இதையே ஒரு சின்ன புரோகிராமாக எழுதி வைத்துக்கொள்ளலாம்: ஃபைலைத் திறக்கும் எஃப்ஓபனில் 12, பைட்டுக்கு நகரும் எஃப்சீக்கில் 4, எண்ணை பைட்டுகளாக்கும் பின்டுசியில் "4ஆர்எஸ்". கூடுதல் பைட்டுகள் 180-இன் மடங்காக இல்லாவிட்டால் கடைசி ரெக்கார்ட் பாதியில் நின்றிருக்கிறது. முழுசாக உள்ளவற்றை மட்டும் எண்ணுங்கள்.

பிறகு டேபிளை எக்ஸ்க்ளூசிவாக (வேறு யாரும் தொடாதபடி) திறந்து, கடைசி நாலைந்து ரெக்கார்டை மண்டியில் இருக்கும் பில் நகலோடு வைத்துப் பாருங்கள். தேதியும் மூட்டைக் கணக்கும் சரியாக இருந்தால்தான் அடுத்த அடி. அதற்கு முன், டெலீட் குறி உள்ளவற்றை நிரந்தரமாக நீக்கும் பேக் கட்டளையைக் கொடுத்துவிடாதீர்கள்; டெலீட் குறி தவறுதலாக விழுந்த ரெக்கார்ட் இருந்தால் அதோடு போய்விடும். டேபிளைத் திறக்கும்போது சரிபார்க்கும் டேபிள்வேலிடேட் அமைப்பை 0 ஆக்கிவிட்டால் எரர் வராது என்று சிலர் சொல்வார்கள். பழுது பார்க்கும் நேரத்துக்கு அது சரி, தினசரி ஓட்டத்தில் அப்படியே விட்டால் பழுது தெரியாமலே வளரும். இண்டெக்ஸைப் பொறுத்தவரை, ரீஇண்டெக்ஸ் பழைய சிடிஎக்ஸில் உள்ள எக்ஸ்பிரஷனையே (வரிசைப்படுத்தும் விதியையே) நம்புகிறது. அதுவே கெட்டுப்போயிருந்தால் பயனில்லை. எல்லா டேகையும் (சிடிஎக்ஸில் உள்ள ஒவ்வொரு இண்டெக்ஸையும்) முதலிலிருந்து கட்டும் ஒரு புரோகிராம் ஒவ்வொரு பார்ட்டிக்கும் உங்களிடம் இருந்தாக வேண்டும். டேபிள் டிபிசிக்குள் (டேபிள்களின் உறவுகளை வைத்திருக்கும் டேட்டாபேஸ் ஃபைலுக்குள்) இருந்தால் சிடிஎக்ஸை வெறுமனே அழிக்காதீர்கள், பிரைமரி கீ உறவு அறுந்துவிடும்.

மறுபடி நேராமலிருக்க, யூபிஎஸ் எங்கெல்லாம் இருக்கிறது என்று பாருங்கள். சர்வருக்கு மட்டும் இருக்கும். பில் போடும் மெஷினுக்கும் சுவர் மேல் தொங்கும் நெட்வொர்க் சுவிட்சுக்கும் இருக்காது. சுவிட்ச் அணைந்தாலும் பாதி எழுதிய ரெக்கார்ட்தான். பில் சேவ் ஆனதும், டேட்டாவை உடனே டிஸ்க்கில் எழுதவைக்கும் ஃப்ளஷ் ஃபோர்ஸ் ஒரு வரி சேருங்கள். டேட்டா இருக்கும் மெஷினில் லேன்மேன்சர்வர் பாராமீட்டர்ஸ் ரெஜிஸ்ட்ரியில் டிசேபிள்லீசிங் என்பதை 1 ஆக்கி, சர்வர் சர்வீஸை நிறுத்தித் துவக்குங்கள். ஒவ்வொரு மெஷினும் தன் நகலை வைத்துக்கொண்டு எழுதுவது இதனால் குறையும். வைஃபையில் ஃபாக்ஸ்புரோ டேட்டாவை ஓட்டவே கூடாது. ஓடிக்கொண்டிருக்கும் ஃபோல்டரை கூகுள் டிரைவோடு இணைக்கவும் கூடாது.

விண்டோஸ் 11-க்குப் பெரிதாகப் பயப்பட வேண்டாம். இது 32 பிட் புரோகிராம், ஓடும். புரோகிராம் ஃபைல்ஸுக்குள் டேட்டாவை வைக்காதீர்கள், சாதாரண யூசருக்கு அங்கே எழுத அனுமதி இல்லை. எல்பிடி1-க்கு (பழைய பிரிண்டர் போர்ட்டுக்கு) நேராக அச்சடிக்கும் பழைய புரோகிராம் கோடு இருந்தால், யூஎஸ்பி டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரை ஷேர் செய்து நெட் யூஸ் கட்டளையால் எல்பிடி1-உடன் இணையுங்கள். மூலையில் கிடக்கும் எக்ஸ்பி மெஷினுக்காக, ஃபைல் பகிரும் பழைய முறையான எஸ்எம்பி 1-ஐ மட்டும் திறந்துவிட வேண்டாம். 2017-இல் வானாகிரை என்ற பணயத்தொகை வைரஸ் பரவியது அந்த வழியாகத்தான்.

அடகுக்கடையில் ஒரே ஒரு விஷயம். வாடிக்கையாளர் போட்டோவை டேபிளுக்குள்ளேயே, படம் வைக்கும் ஜெனரல் ஃபீல்டில் சேர்த்திருந்தால் எஃப்பிடி 2 ஜிபியைத் தொட்ட அன்று கடை நின்றுவிடும். போட்டோ தனி ஃபோல்டரில், டேபிளில் அதன் பாதை மட்டும்.

ஆடிட்டர் சொல்வது பாதி சரி. கம்பெனிச் சட்டத்தில் பதிவான நிறுவனம் என்றால், 2023 ஏப்ரல் 1 முதல் கணக்குப் புத்தகம் வைக்கும் சாஃப்ட்வேரில் ஒவ்வொரு திருத்தமும் தேதியோடு பதிவாக வேண்டும், அந்தப் பதிவை அணைக்கவும் முடியக்கூடாது. பார்ட்னர்ஷிப்புக்கும் தனி முதலாளிக்கும் இந்த விதி இல்லை. உங்கள் பார்ட்டி பிரைவேட் லிமிடெட்டாக இருந்தால் கணக்கை டேலி என்ற கணக்கு சாஃப்ட்வேரின், திருத்தங்களைப் பதியும் எடிட் லாக் பதிப்புக்கு மாற்றிவிட்டு, விற்பனை வவுச்சரை ஃபாக்ஸ்புரோவிலிருந்து எக்ஸ்எம்எல்லாக அனுப்புங்கள். தோல் லாட், அளவு, பேக்கிங் லிஸ்ட் எல்லாம் இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும்.

அதை ஏன் அவசரமாகப் புதிதாக எழுதக் கூடாது என்கிறேன் தெரியுமா? தோலின் மேல் 12 என்று எழுதி அதன் தலையில் சின்னதாக 2 போட்டிருந்தால் 12½ சதுர அடி. 9-இன் மேல் 3 என்றால் 9¾. பழைய புரோகிராம்களில் இதை 12.2, 9.3 என்று பதிந்து, கூட்டும்போது நாலுக்கு ஒன்று ஏறும்படி கோடு எழுதியிருப்பார்கள். விஷயம் தெரியாமல் டேட்டாவை மாற்றினால் கூட்டு 21.5 என்று வரும். உண்மையில் 22¼. இரண்டே தோலில் முக்கால் அடி போய்விட்டது. ஒரு லாட்டில் எவ்வளவு போகும் என்று பாருங்கள். இந்தக் கணக்கு எந்த ஆவணத்திலும் இருக்காது, ஒரு பிஆர்ஜி (புரோகிராம் கோடு) ஃபைலின் நடுவில் இருக்கும். பையன்களுக்கு ஆர்வம் இருந்தால் முதலில் ஒவ்வொரு ஃபீல்டுக்கும் அர்த்தம் எழுதச் சொல்லுங்கள். பிறகு ரிப்போர்ட்டுகளை மட்டும் வெப்பில் எடுக்கட்டும்.

சட்டம் மாற்றுகிற பகுதியைத்தான் நீங்கள் உடனே தனியே பிரிக்க வேண்டும். ஜிஎஸ்டி விகிதம் கோடுக்குள் 12 என்றோ 18 என்றோ நேராக எழுதப்பட்டிருந்தால், எச்எஸ்என் (சரக்கின் வகை எண்), விகிதம், அமலாகும் தேதி மூன்றும் கொண்ட டேபிளுக்கு மாற்றுங்கள். விகிதங்கள் மாறிய 2025 செப்டம்பர் 22-க்கு முந்தைய பில்லை மறுபடி அச்சடித்தால் பழைய விகிதமே வர வேண்டும். விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டிய பார்ட்டிக்கு இ-இன்வாய்ஸ் உண்டு. அதில் வரும் ஐஆர்என் (பில்லின் பதிவு எண்) 64 எழுத்து, கேரக்டர் ஃபீல்டில் அடங்கும். கையொப்பமிட்ட க்யூஆர் வரி 254-ஐத் தாண்டும், அதற்கு நீண்ட எழுத்துக்கான மெமோ ஃபீல்டு வேண்டும். பார்ட்டி மாஸ்டரில் இன்னும் என்.ஏ.டிடி (பழைய வட ஆற்காடு மாவட்டம்) என்று விலாசம் இருக்கலாம். 2019-இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டமான பிறகும் யாரும் திருத்தியிருக்க மாட்டார்கள். இ-இன்வாய்ஸில் அடிபடுவது பின்கோடும் மாநிலக் குறியீடு 33-உம்தான். பின்கோடு காலியாக உள்ள விலாசங்களை முதலில் தேடி நிரப்புங்கள்.

ஏஎம்சி தாளை மூன்றாகப் பிரித்து எழுதுங்கள். டேட்டா பராமரிப்புக்கு மாதத் தொகை: வாரம் ஒரு முறை பேக்கப்பை வேறு மெஷினில் திறந்து, கடைசி பில் எண்ணையும் மாத மொத்தத்தையும் ஒப்பிட்டுக் கையெழுத்திடுவது இதில் அடங்கும். சட்ட மாற்றத்துக்குத் தனிக் கட்டணம். புது ஸ்கிரீன், புது ரிப்போர்ட்டுக்கு வேலைக்கு ஏற்ப. கூடவே சோர்ஸ் கோடின் நகல் ஒன்றை வருஷம் ஒரு முறை பார்ட்டியிடம் பென் டிரைவில் கொடுப்பதாகவும் எழுதுங்கள். சோர்ஸே கையில் இல்லாத, ஓடும் இஎக்ஸ்இ ஃபைல் மட்டும் மிஞ்சியிருக்கும் புரோகிராமுக்கு ஏஎம்சி ஒப்புக்கொள்ள வேண்டாம். அங்கே டேட்டாவை வெளியே எடுத்துத் தரும் வேலையை மட்டும் ஒரு தொகைக்குப் பேசி வாங்குங்கள்.