முழங்கால் வலியுள்ள அம்மாவை எந்த டிரெயிலுக்குக் கூட்டிப்போகலாம்?

கேள்வி: நாங்கள் கலிபோர்னியாவில் சன்னிவேலில் இருக்கிறோம். மார்ச் கடைசியில் அப்பா அம்மா மதுரையிலிருந்து ஆறு மாதத்துக்கு வருகிறார்கள். அப்பாவுக்கு 68, தினமும் நடப்பவர். அம்மாவுக்கு 63, முழங்கால் வலி, படி இறங்கினால் ரொம்பச் சிரமம். மூன்று வயதுப் பையன் ஸ்ட்ரோலரில் வருவான். எல்லோரும் சேர்ந்து போக, பக்கத்தில் உள்ள கவுண்டி பார்க்குகளில் சுலபமான பாதைகள் உண்டா? ஹைக்கிங் என்றாலே மலை ஏறுவது என்று அம்மா இப்போதே போனில் மறுக்கிறார்.

பதில்: அம்மாவிடம் ஹைக்கிங் என்ற வார்த்தையே வேண்டாம். ஆற்றங்கரையில் கொஞ்சம் நடந்துவிட்டு வரலாம் என்று சொல்லுங்கள், உண்மையும் அதுதான். நம்மூர் மாவட்டம் மாதிரியான இந்த சான்டா கிளாரா கவுண்டியில் மலைப்பாதைகள் நிறைய இருந்தாலும் உங்கள் குடும்பத்துக்குத் தோதானவை எல்லாம் கீழே, ஓடைகளையும் ஆற்றையும் ஒட்டித்தான் இருக்கின்றன. தண்ணீர் தாழ்வான இடத்தைத் தேடிக்கொண்டு போகும், கீழே சமவெளிக்கு வந்துவிட்டால் சரிவும் மெதுவாகிவிடும், அதன் கூடவே போகிற பாதையும் அநேகமாகச் சமதளமாக இருக்கும். அதனால் தெரியாத ஊரில் பாதை தேடும்போது நான் வரைபடத்தில் முதலில் பார்ப்பது நீலக் கோட்டைத்தான்.

ஊரிலிருந்து வந்த பெற்றோர்களோடு இந்தப் பக்கம் பல வருடங்களாக நடந்துகொண்டிருக்கிறேன். பிள்ளைகள் செய்யும் தவறு பெரும்பாலும் ஒன்றுதான். நடைபாதைகளைக் காட்டும் செயலியில் 'ஈஸி' என்று போட்டிருப்பதை நம்பி வந்துவிடுகிறார்கள். அந்த 'ஈஸி' முப்பது வயதுக்காரருக்கு. நான்கு மைல், நானூறு அடி ஏற்றம் என்றாலும் அதே பெயர்தான் இருக்கும். எவ்வளவு தூரம் என்பதை விட ஒரு மைலுக்கு எத்தனை அடி ஏற்றம் என்று பாருங்கள். நூறு அடியைத் தொட்டாலே முழங்கால் வலி உள்ளவரை அங்கே கூட்டிப்போக மாட்டேன். ஏறுவதை விட இறங்குவதில்தான் முட்டிக்குப் பாரம் அதிகம். ஏறும்போது மூச்சு வாங்கினால் உட்கார்ந்து சமாளிக்கலாம், ஆனால் மேலே போய்விட்டால் இறங்காமல் வீடு திரும்ப முடியாது, அம்மாவுக்கு வலிக்கிற இடமும் அதுதானே.

இன்னொன்று, சுற்றிவரும் பாதையைத் தவிர்த்துவிடுங்கள். பாதித் தூரம் போனபிறகு கால் வலித்தால் முன்னே போனாலும் பின்னே வந்தாலும் அதே தூரம்தான், கார் கிட்டத்தில் இருக்காது. ஒரே வழியில் போய்த் திரும்பும் பாதை என்றால் எந்த இடத்திலும் 'சரி, போதும்' என்று திரும்பிவிடலாம். அப்பா விறுவிறுவென்று முன்னால் போய்வரட்டும், அம்மா பேரனோடு ஒரு பெஞ்சில் இருக்கட்டும்.

முதல் முறைக்கு லாஸ் கேட்டோஸில் இருக்கும் வசோனா ஏரி பார்க். கார் நிறுத்தக் கட்டணம் உண்டு, ஆனால் உள்ளேயே கழிவறை, குடிதண்ணீர், மேசை பெஞ்ச், நிழல் எல்லாம் இருக்கிறது. ஏரியை ஒட்டித் தார் போட்ட பாதை, ஸ்ட்ரோலர் வழுக்கிக்கொண்டு போகும். அடுத்தே இருக்கிற ஓக் மெடோ பார்க்கில் சின்ன நீராவி ரயில் ஓடுகிறது, பையனை அங்கிருந்து கிளப்புவதுதான் உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும். புளியோதரை கட்டிக்கொண்டு போனால் மத்தியானம் வரை இருந்துவிட்டு வரலாம். வாத்துகளும் கனடா வாத்துக் கூட்டங்களும் காலடியிலேயே மேயும். காக்கைக்குச் சோறு வைத்துப் பழகிய கை உடனே நீளும், ஆனால் இங்கே பறவைகளுக்குத் தீனி போடக்கூடாது, அதைப் பெரியவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

வசோனா வழியாகத்தான் லாஸ் கேட்டோஸ் க்ரீக் டிரெயில் போகிறது. வடக்கே கேம்ப்பெல் பக்கம் திரும்பினால் கிட்டத்தட்டச் சமதளம், வழியில் நிலத்தடி நீருக்காகத் தேக்கிவைத்த குளங்கள், கொக்கு நாரை இனங்கள் நிறைய. தெற்கே, லெக்சிங்டன் அணை இருக்கும் பக்கம் போகவேண்டாம், தார் முடிந்து மண் பாதையாகி, அணைக்கு அருகில் நெஞ்சை முட்டுகிற ஏற்றம் வரும். ஒரே டிரெயில்தான், எந்தப் பக்கம் திரும்புகிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

அடுத்தது உங்கள் வீட்டுக்குக் கிட்டத்தில் இருக்கும் ரான்சோ சான் அன்டோனியோ பார்க். குபெர்டினோவில் பாதிப் பேர் அங்கேதான் நடக்கிறார்கள், சனி ஞாயிறு காலையில் பார்க்கிங் கிடைப்பது திண்டாட்டம். உங்களால் ஒரு வார நாளில் அரை நாள் விடுப்பு எடுக்க முடிந்தால் அதை இதற்கு வைத்துக்கொள்ளுங்கள். கார் நிறுத்துமிடத்திலிருந்து டியர் ஹாலோ பண்ணை வரை ஏறக்குறைய ஒரு மைல், பெரிய ஏற்றம் கிடையாது. பண்ணையில் ஆடு, கோழி, மாடு என்று இருக்கும், வழியில் மான்களும் காட்டு வான்கோழிகளும் சர்வசாதாரணமாகக் குறுக்கே போகும். கிராமத்தில் வளர்ந்த ஒரு அம்மா அந்த ஆட்டுப் பட்டியை விட்டு நகர மறுத்ததை நான் பார்த்திருக்கிறேன். பண்ணை திறந்திருக்கும் நேரத்தைப் பார்த்துவிட்டுப் போங்கள். பண்ணையைத் தாண்டினால் மலை ஆரம்பம், அது அப்பாவுக்கு மட்டும்.

ஆறு என்று கேட்டால் குவாடலூப்பே. சான் ஹோசே ஊர் 1777இல் இதன் கரையில்தான் தொடங்கியது. அதற்கு முந்தைய வருடம் இந்தப் பக்கம் வந்த ஸ்பானியப் பயணக்குழு குவாடலூப்பே மாதாவின் பெயரை ஆற்றுக்கு வைத்தது. ஆறு தெற்கிலிருந்து வடக்கே ஓடி அல்விசோ அருகே சான் பிரான்சிஸ்கோ வளைகுடாவில் கலக்கிறது, கரையோடு தார்ப்பாதையும் போகிறது. விமான நிலையத்தை ஒட்டி வரும் பகுதியில் விமானங்கள் தலைக்கு மேலேயே இறங்கும், பையன் வாயைப் பிளந்து நிற்பான். ஆனால் அங்கே மர நிழல் குறைவு, கோடை மதியத்தில் வேண்டாம். நகர மையத்தை ஒட்டிய சில இடங்களில் கூடாரம் போட்டு மக்கள் வாழ்கிறார்கள், பகல் நேரத்தில் ஆள் நடமாட்டத்தோடு போங்கள். வைகையில் தண்ணீர் வந்ததும் பாலத்தில் நின்று பார்த்தவர்களுக்கு இந்த ஆறு சின்னதாகத்தான் தெரியும், கோடையில் இங்கேயும் நூலாகத்தான் ஓடும். இலையுதிர் காலத்தில் கடலிலிருந்து சால்மன் மீன்கள் முட்டையிட ஏறி வருவதுண்டு, ஆனால் அதற்குள் உங்கள் பெற்றோர் ஊர் திரும்பிவிடுவார்கள். இந்த ஆற்று மீனைச் சாப்பிடக்கூடாது. மேலே நியூ அல்மடேனில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தங்கம் பிரிப்பதற்காகப் பாதரசம் தோண்டினார்கள், அது இன்னும் வண்டலில் கிடக்கிறது. அந்தச் சுரங்கங்கள் இருந்த இடம் இப்போது கவுண்டி பார்க், வரலாற்றில் ஆர்வம் இருந்தால் அப்பா ரசிப்பார், ஆனால் பாதைகள் பெரும்பாலும் ஏற்றம்.

கயோட்டி க்ரீக் ஓரமாக ஹெல்லியர் பார்க்கிலிருந்து மார்கன் ஹில் வரை ஏறக்குறைய பதினைந்து மைலுக்குத் தார்ப்பாதை இருக்கிறது. அவ்வளவும் நடக்கத் தேவையில்லை, ஹெல்லியரில் உள்ள சின்ன ஏரியும் அதைச் சுற்றி அரை மணி நேரமும் போதும். 2017 பிப்ரவரியில் இந்த ஓடைதான் பெருகி சான் ஹோசேயில் பல ஆயிரம் பேரை வீட்டை விட்டு வெளியேற்றியது. ஓடையோரப் பாதைகள் எல்லாம் பல இடங்களில் சாலைப் பாலத்துக்குக் கீழே புகுந்து போகும், மழை பெய்தால் அங்கே தண்ணீரும் சேறும் நிற்கும். ஏப்ரலில் ஒரு கடைசி மழை வந்தால் இரண்டு நாள் விட்டுப் போங்கள்.

அப்பாவை மட்டும் ஒரு நாள் உவாஸ் கேன்யன் என்ற கவுண்டி பார்க்குக்குக் கூட்டிப்போங்கள். ஸ்பானிய மொழியில் உவாஸ் என்றால் திராட்சை. அருவிகளைப் பார்த்துவிட்டு வரும் ஒரு மைல் சுற்று இது, வேரும் படியும் உண்டு. காருக்கு முன்பதிவு செய்யவேண்டும். மழைக்காலம் முடிந்தால் அருவி மெலிந்துவிடும், அவர்கள் வந்து தூக்கக் கலக்கம் தெளிந்ததும் முதலில் இதை முடித்துவிடுங்கள்.

இப்போது சொல்லப்போவதை அவர்கள் காரிலிருந்து இறங்கும் முன்பே சொல்லுங்கள். இங்கே வலது பக்கம் நடக்கவேண்டும். ஐம்பது வருடம் இடது பக்கம் நடந்த கால் தானாக இடது பக்கம்தான் போகும். பின்னால் சைக்கிளில் வேகமாக வருபவர் 'ஆன் யுவர் லெஃப்ட்' என்று கத்துவார். உங்கள் இடது பக்கமாக நான் கடக்கிறேன் என்று அர்த்தம். ஆனால் 'லெஃப்ட்' என்ற சொல் மட்டும் காதில் விழுந்து, இடது பக்கம் ஒதுங்கச் சொல்கிறார் என்று நினைத்து, சரியாகச் சைக்கிளுக்கு முன்னால் போய் நிற்பவர்களை எத்தனையோ முறை கையைப் பிடித்து இழுத்திருக்கிறேன். குரல் கேட்டால் அசையாமல் வலது ஓரமாக நில்லுங்கள் என்று சொல்லிக்கொடுங்கள்.

அப்புறம் பாய்சன் ஓக். மும்மூன்று இலையாக, இளசில் பளபளப்பாக, வெயில் ஏற ஏறச் சிவந்துபோகும் ஒரு செடி, ஓடையோரப் புதர்களில் தாராளம். மாமரம், முந்திரி, சேங்கொட்டை எல்லாம் இருக்கும் அதே குடும்பம். சேங்கொட்டைப் பால் பட்டால் தோல் எப்படிக் கொப்பளிக்கும் என்று அம்மாவுக்குத் தெரிந்திருக்கும், இதுவும் அப்படித்தான் என்று சொன்னால் போதும், பேரனைப் புதர் பக்கமே விடமாட்டார். உண்ணிகளும் புல்லில்தான் காத்திருக்கும், அதனால் பாதை நடுவிலேயே நடங்கள், வீட்டுக்கு வந்ததும் பையனின் காதுக்குப் பின்னாலும் முழங்காலுக்குப் பின்னாலும் பாருங்கள். மவுன்டன் லயன் என்கிற பெரிய காட்டுப்பூனை பற்றிய எச்சரிக்கைப் பலகையைப் பார்த்து அப்பா அம்மா பயந்தால், நான் சொன்ன ஆள் நடமாட்டமுள்ள பாதைகளில் பகலில் அதைப் பார்ப்பது மிக மிக அரிது என்று தைரியம் சொல்லுங்கள்.

பெரும்பாலான கவுண்டி பார்க்குகள் காலை 8 மணிக்குத்தான் திறக்கும், பொழுது சாயும்போது மூடிவிடுவார்கள். அப்பா ஐந்து மணிக்கே ஷூவை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறவராக இருந்தால் அந்த நடையைத் தெருவில் முடித்துக்கொள்ளட்டும். அம்மாவுக்குச் செருப்பு வேண்டாம், அடிப்பகுதி பிடிமானமுள்ள ஷூ ஒன்று அவர் வந்த முதல் வாரமே கடைக்குக் கூட்டிப்போய்ப் போட்டுப் பார்த்து வாங்குங்கள். கூடவே மடக்கும் ஊன்றுகோல் இரண்டு. சேலையோடு தாராளமாக நடக்கலாம், கரை கணுக்காலுக்கு மேல் இருந்தால் போதும். ஏப்ரல் காலை அவர்களுக்குக் குளிரும், காதை மூடும் குல்லா ஒன்று காரிலேயே கிடக்கட்டும்.