வரலாற்றுப் பாடநூலில் சிறுபான்மையினருக்கு 'இடம்' என்றால் என்ன?

ஒரு சமூகம் பாடநூலில் எப்போது, எந்த வேடத்தில் வருகிறது என்பதுதான் அதன் இடம். இலங்கையை எடுத்துக்கொள்ளுங்கள். பழங்காலப் பாடம் பெரும்பாலும் பௌத்த பிக்குகள் பாளியில் எழுதிய மகாவம்சம் என்ற பழைய வரலாற்று நூலின் வழியே போகிறது. தமிழ் மன்னன் எல்லாளன் 44 ஆண்டுகள் நீதி தவறாமல் ஆண்டான் என்று மகாவம்சமே சொல்கிறது. ஆனாலும் நாயகன், அவனைப் போரில் வென்ற சிங்கள மன்னன் துட்டகைமுனு; எல்லாளன் தோற்க வேண்டியவன். காரணம், கதை சொல்பவர் நிற்கும் பக்கம்.

மாப்பிள்ளை வீட்டார் கூட்டிவந்த போட்டோக்காரரின் கல்யாண ஆல்பம் மாதிரிதான். பெண்ணின் சித்தப்பா மேடையேறும்போது மட்டும் தெரிவார். வியர்க்க வியர்க்கப் பந்தி கவனித்தது படத்தில் இருக்காது.

தென்னிந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்குக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்த மலையகத் தமிழரை 'தேயிலைத் தொழிலாளர்' என்று ஒரே வரியில் முடிக்கலாம். 1948 குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியதையும் சொல்லலாம். பிள்ளைகள் மனதில் இரண்டும் ஒன்றாக நிற்காது.

பெயர் அச்சிலேறினாலே இடம் கிடைத்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். சரி, எல்லாளன் பெயர் எப்போது விடுபட்டது?