வண்டியில் வரும்போது எதுவும் கேட்க வேண்டாம்

கேள்வி: என் மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். 400 மீட்டர் ஓடுவாள். குறுவட்டப் போட்டியில் முதலிடம் பிடித்தவள், மாவட்டப் போட்டியில் ஐந்தாவதாகத்தான் வந்தாள். "கடைசியில ஏன் விட்டே?" என்று வீடு வரும்வரை அவள் அப்பா வண்டியிலேயே திட்டிக்கொண்டு வந்தார். இப்போது காலையில் பயிற்சிக்கு எழுப்பினால் வயிறு வலிக்கிறது என்கிறாள். விளையாட்டை நிறுத்திவிடலாமா?
- திண்டுக்கல் வாசகி

பதில்: அன்புள்ள சகோதரி, நிறுத்த வேண்டாம். முதலில் உங்கள் கணவரிடம் ஒன்றைச் சொல்லுங்கள். 400 மீட்டரில் கடைசி 100 மீட்டர் வரும்போது யாருக்குமே கால் கட்டிக்கொள்ளும். ஒலிம்பிக்கில் ஓடுகிறவர்களுக்கும் அங்கே வேகம் குறையத்தான் செய்யும். மற்றவர்களைவிடக் குறைவாகத் தளர்கிறவர் ஜெயிக்கிறார். வெளியே நின்று பார்க்கும் நமக்குத்தான் அது 'விட்டுவிட்டாள்' என்று தெரிகிறது. முதல் 200 மீட்டரை எந்த வேகத்தில் ஓடுவது என்று கற்றுத்தரப் பள்ளியில் பி.இ.டி. ஆசிரியர் இருக்கிறார். அந்த வேலையை அவரிடமே விட்டுவிடலாம்.

போட்டி முடிந்து வரும்போது அப்பா கேட்க வேண்டிய ஒரே கேள்வி, "என்னம்மா சாப்பிடுறே?" என்பதுதான். தோற்றது அவளுக்குத் தெரியும். பேச வேண்டும் என்று தோன்றினால் ராத்திரியோ மறுநாளோ அவளாகவே பேசுவாள். அதுவரை காத்திருப்பது கஷ்டம்தான், ஆனாலும் காத்திருக்க வேண்டும்.

சரி, உங்கள் பங்குக்கு வருகிறேன். அது நிறைய இருக்கிறது.

இந்த வயதில் மாதவிடாய் தொடங்கியிருக்கலாம். பல மைதானங்களில் பெண் பிள்ளைகளுக்கு ஒழுங்கான கழிப்பறை கிடையாது. இதை வெளியே சொல்லக் கூசித்தான் பல பிள்ளைகள் பயிற்சிக்கே போகாமல் இருந்துவிடுகிறார்கள். அவள் பையில் நாப்கினும் மாற்று உடையும் எப்போதும் இருக்கட்டும். வயிற்றுவலி எந்த நாட்களில் வருகிறது என்று மெதுவாகக் கேளுங்கள். பயிற்சி இல்லாத நாளிலும் வலித்தால் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

அப்படியே ரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவையும் பார்த்துவிடுங்கள். தமிழ்நாட்டில் பெண்களில் பாதிப் பேருக்கு மேல் ரத்தசோகை இருப்பதாக 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. ரத்தம் குறைவாக இருக்கும் பிள்ளை எவ்வளவு முயன்றாலும் சீக்கிரம் களைத்துவிடும். பள்ளியில் வாரம் ஒருநாள் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையை விழுங்குகிறாளா, பைக்குள் போட்டுக்கொள்கிறாளா என்று விசாரியுங்கள். முருங்கைக்கீரை, முட்டை, கேழ்வரகு எல்லாம் கொடுங்கள். சாப்பிட்ட கையோடு டீ மட்டும் வேண்டாம், அது இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. போட்டி அன்று காலையில், ஓடுவதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பே இட்லி சாப்பிடட்டும். ஆசையாகப் பூரி சுட்டுக் கொடுத்துவிடாதீர்கள்.

அப்புறம் தூக்கம். விடிகாலை ஐந்து மணிக்கு மைதானத்துக்குப் போகிறவள் இரவு பதினொன்று வரை டியூஷன் நோட்டு எழுதினால் இரண்டும் கெடும். எதைக் குறைப்பது என்று பள்ளியில் பேசி முடிவெடுங்கள்.

தமிழ்நாடு அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு உண்டு, உண்மைதான். ஆனால் அந்தக் கணக்கைப் பதின்மூன்று வயதுப் பிள்ளையின் காதில் போட வேண்டாம். விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விடுதிகளில் 7, 8, 9, 11-ஆம் வகுப்புகளுக்குத் தேர்வு நடக்கும். தங்குமிடம், சாப்பாடு, பயிற்சி எல்லாம் அங்கேயே. அறிவிப்பு வந்தால் விண்ணப்பிக்கலாம். ஆனால் வீட்டை விட்டுப் போய்த் தங்க அவளுக்குச் சம்மதமா என்று கேட்டுக்கொண்டு, அதன் பிறகு விண்ணப்பியுங்கள்.