ஈப்பர் நகரைப் பார்க்கச் செல்வோருக்கு: கேள்வி பதில்

பெல்ஜியத்தின் மேற்கு ஃப்ளாண்டர்ஸ் மாகாணத்தில், பிரான்ஸ் எல்லையை ஒட்டியுள்ள ஈப்பர் நகரைப் பற்றி உறுப்பினர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன். ஆங்கில, பிரெஞ்சு நூல்களில் ஈப்ர என்று வருவதும் இதே ஊர்தான். ஒரே பொருளைக் கேட்ட கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: புரூஜ் நகரில் இரண்டு நாள் தங்குகிறோம். ஒரு காலையில் ஈப்பருக்கு வந்து, மாலை நான்கு மணிக்கெல்லாம் திரும்பிவிட முடியுமா?

முடியும், ஆனால் அப்படிச் செய்ய வேண்டாம் என்பதே என் கருத்து. இந்த ஊரில் தவறவிடக் கூடாத நிகழ்ச்சி இரவு எட்டு மணிக்கு நடக்கிறது. புரூஜிலிருந்து வருபவர்கள் கோர்ட்ரைக் நிலையத்தில் ரயில் மாற வேண்டும். பிரஸ்ஸல்ஸிலிருந்து என்றால் ஏறக்குறைய இரண்டு மணி நேரப் பயணம். புரூஜின் இரண்டு இரவுகளில் ஒன்றை இங்கே மாற்றிக்கொள்ளுங்கள்.

கேள்வி: அந்த எட்டு மணி நிகழ்ச்சி என்ன? நுழைவுச்சீட்டு வாங்க வேண்டுமா?

நகரின் கிழக்கு விளிம்பில் மெனின் வாயில் என்னும் பெரிய வளைவு மண்டபம் நிற்கிறது. முதல் உலகப் போரில் இப்பகுதியில் இறந்து, உடல் கிடைக்காமல் போன பிரிட்டிஷ் பேரரசின் வீரர்கள் 54,000-க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் அதன் சுவர்களில் பொறிக்கப்பட்டுள்ளன. 1927-இல் திறக்கப்பட்ட இம்மண்டபத்தின் கீழ், 1928 முதல் ஒவ்வோர் இரவும் எட்டு மணிக்குச் சாலைப் போக்குவரத்தை நிறுத்திவிட்டு, இறந்தோருக்கான இறுதி வணக்க இசையை ஊதுகொம்பில் இசைக்கிறார்கள். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர் நகரைப் பிடித்திருந்த ஆண்டுகளில் மட்டும் அது இங்கிலாந்தில் நடந்தது. 1944 செப்டம்பர் 6 அன்று போலந்துப் படையினர் நகரை மீட்ட அதே மாலையில் மீண்டும் இங்கே தொடங்கிவிட்டது.

கட்டணம் கிடையாது, சீட்டும் கிடையாது. கோடைக்காலத்தில் கூட்டம் நெருக்கும் என்பதால், ஏழே கால் மணிக்கே போய் நின்றால் முன்வரிசை கிடைக்கும். இது கச்சேரி அன்று, முடிந்ததும் கைதட்டாதீர்கள். பள்ளிக் குழுவினர் சிலர் தட்டத்தான் செய்கிறார்கள், அதைப் பார்த்து நாமும் தொடங்கிவிட வேண்டாம்.

கேள்வி: ஈப்பரின் பழைய கட்டடங்கள் எல்லாமே போருக்குப் பின் கட்டிய நகல்கள் என்கிறார்கள். அப்படியானால் அங்கே போய்ப் பார்க்க என்ன இருக்கிறது?

செய்தி உண்மைதான். ஆனால் நீங்கள் குறையாகச் சொல்வதையே நான் அவ்வூரின் முதன்மையான காட்சியாகக் கருதுகிறேன். பதின்மூன்றாம் நூற்றாண்டில் ஈப்பர், கம்பளித் துணி வணிகத்தால் புரூஜுக்கும் கென்ட்டுக்கும் இணையாகச் செழித்திருந்த நகரம். அந்தச் செல்வத்தின் சின்னமாக எழுந்ததே நடுச்சதுக்கத்தில் உள்ள துணி மண்டபம். 1914 முதல் 1918 வரை நகரைச் சுற்றி ஓயாமல் நடந்த பீரங்கித் தாக்குதலில் அம்மண்டபமும், அதன் பின்னாலிருந்த புனித மார்ட்டின் தேவாலயமும், வீடுகள் அனைத்தும் இடிந்து கற்குவியலாயின. இடிபாடுகளை அப்படியே நினைவிடமாக விட்டுவிட வேண்டும் என்று பிரிட்டிஷ் அமைச்சராக இருந்த சர்ச்சில் விரும்பினார். திரும்பி வந்த நகரத்தாரோ தங்களுக்கு வீடும் சந்தையும் வேண்டும் என்று நின்று, ஊரைப் பழைய வடிவிலேயே எழுப்பிக்கொண்டார்கள். துணி மண்டபத்தின் வேலை மட்டும் 1967 வரை நீண்டது.

ஆகவே மண்டபத்தின் சுவரருகே சென்று, கீழ்ப்பகுதிக் கற்களைக் கவனியுங்கள். குண்டுகளுக்குத் தப்பிய பழைய கல்லும் புதிய கல்லும் நிறத்தால் வேறுபடுவது தெரியும். உள்ளே இருக்கும் போர் அருங்காட்சியகத்துக்குக் குறைந்தது இரண்டரை மணி நேரம் ஒதுக்குங்கள். மணிக்கூண்டில் இருநூறுக்கும் மேற்பட்ட படிகள் உள்ளன. ஏற முடிந்தவர்கள் ஏறிவிடுங்கள். நகரைச் சுற்றியிருந்த மேடுகள் எவ்வளவு தாழ்வானவை, அவற்றுக்காக எத்தனை பேர் மாண்டார்கள் என்பது மேலிருந்து பார்க்கும்போதுதான் உறைக்கும்.

கேள்வி: மெனின் வாயிலில் இந்திய வீரர்களின் பெயர்களும் உள்ளனவாமே. தமிழ்ப் பெயர்களைத் தேடிப் பார்க்கலாமா?

நானூறுக்கும் மேற்பட்ட இந்தியப் பெயர்கள் உள்ளன. 1914 அக்டோபரில், ஐரோப்பியக் குளிருக்கான உடைகூடச் சரியாக இல்லாத நிலையில், இந்தியப் படை இங்கே நேராகப் பதுங்குகுழிக்கு அனுப்பப்பட்டது. அம்மாதம் 31-ஆம் நாள், அருகிலுள்ள ஹோலபேக்கில், தன் இயந்திரத் துப்பாக்கிக் குழுவில் மற்ற அனைவரும் இறந்த பின்னும் போரிட்ட குதாதாத் கான், பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா கிராஸைப் பெற்ற முதல் இந்திய வீரர் ஆனார். 1915 ஏப்ரல் 22 அன்று ஜெர்மானியர் குளோரின் நச்சுவாயுவை ஏவிய சில நாள்களில் லாகூர் படைப்பிரிவும் இம்முனைக்கு விரைந்து வந்தது.

அப்போது இங்கே போரிட்டவர்கள் பெரும்பாலும் பஞ்சாப், வடமேற்கு எல்லைப்புறம், கார்வால், நேபாளம் ஆகிய பகுதிகளைச் சேர்ந்தவர்கள். எனவே தமிழ்ப் பெயர் கிடைக்கும் என்று எதிர்பார்த்துப் போக வேண்டாம். பெயர்கள் படைப்பிரிவு வாரியாக உள்ளன. வாயிலை ஒட்டிய மதில்மேட்டில் இந்தியப் படைகளுக்குத் தனி நினைவுச்சின்னம் இருக்கிறது. பலர் அதைக் கவனிக்காமலே கடந்துவிடுகிறார்கள். இந்தியருக்கான பெரிய நினைவிடம் எல்லைக்கு அப்பால், பிரான்சின் நவ் ஷாப்பெல் ஊரில் உள்ளது.

கேள்வி: கார் ஓட்டத் தெரியாது. போர்க் கல்லறைத் தோட்டங்களுக்கு எப்படிச் செல்வது?

வாடகைச் சைக்கிளே சிறந்த வழி. நிலம் ஏறக்குறைய சமதளம், எதிர்க்காற்று ஒன்றே தொல்லை. அதுவும் இயலாதவர்கள், வேனில் அழைத்துச் செல்லும் அரைநாள் சுற்றுலாவில் சேரலாம். கிராமப் பேருந்துகளை நம்பித் திட்டமிடாதீர்கள்.

இரண்டு இடங்களை ஒரே நாளில் அடுத்தடுத்துப் பாருங்கள். பாசெண்டால் என்ற ஊருக்கு அருகிலுள்ள டைன் காட், ஏறக்குறைய 12,000 கல்லறைகளைக் கொண்ட, உலகின் மிகப்பெரிய காமன்வெல்த் போர்க் கல்லறைத் தோட்டம். வெண்கற்களும் பூச்செடிகளுமாகத் திறந்த சரிவில் விரிந்து கிடக்கிறது. லாங்கமார்க்கில் உள்ள ஜெர்மானியத் தோட்டத்தில் 44,000-க்கும் மேற்பட்டோர் அடக்கம் செய்யப்பட்டிருந்தும், இடம் சிறியது. ஓக் மர நிழலில் தரையோடு பதித்த கருங்கற்கள். பெரும்பான்மையோர் ஒரே பொதுக்குழியில் கிடக்கிறார்கள். வென்றவரும் தோற்றவரும் துக்கம் காத்த முறை எவ்வளவு வேறுபட்டது என்பது, இரண்டையும் பார்த்தவருக்கு விளக்காமலே புரியும்.

கேள்வி: எட்டு வயதுப் பெண் உடன் வருகிறாள். நாள் முழுவதும் போர்க் கதைதானா?

இல்லை. பிரெஞ்சுப் பொறியாளர் வோபான் வலுப்படுத்திய பழைய மதில்மேல், அகழிநீரைப் பார்த்தபடி மரநிழலில் நடக்கலாம். நகரிலிருந்து சிறிது தொலைவில் பெல்லவார்டே என்ற கேளிக்கைப் பூங்கா உள்ளது. மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை மே மாதத்தின் இரண்டாம் ஞாயிறன்று பூனைத் திருவிழா நடக்கும். முற்காலத்தில் மணிக்கூண்டிலிருந்து உயிருள்ள பூனைகளையே எறிந்தார்கள். 1817-க்குப் பிறகு அக்கொடுமை நின்று, இப்போது பஞ்சுப் பொம்மைகளை எறிகிறார்கள். கடைசியாக 2024-இல் நடந்தது; அந்தக் கணக்கில் அடுத்தது 2027.

கேள்வி: நாங்கள் சைவம். உணவு கிடைக்குமா?

கிடைக்கும். ஒன்றில் மட்டும் எச்சரிக்கை தேவை: பெல்ஜியத்தின் புகழ்பெற்ற உருளைக்கிழங்கு வறுவலைப் பல கடைகளில் இன்றும் மாட்டுக் கொழுப்பில்தான் பொரிக்கிறார்கள். தாவர எண்ணெயா என்று கேட்டபின் வாங்குங்கள். கடைக்காரர்கள் இக்கேள்விக்குப் பழகியவர்கள்.

கேள்வி: வயல்களில் பழைய குண்டுத் துண்டுகள் கிடைக்குமாம். ஒன்றை எடுத்து வரலாமா?

கூடாது. உழவர்கள் ஒவ்வோர் ஆண்டும் வெடிக்காத குண்டுகளை உழுது எடுக்கிறார்கள். அவற்றுள் நச்சுவாயு நிரப்பியவையும் உண்டு. அவற்றைச் சாலையோரத்தில் வைத்துவிட்டால் ராணுவத்தின் வெடிகுண்டு அகற்றும் பிரிவினர் வந்து எடுத்துப் போவார்கள். துருப்பிடித்த இரும்பு எதைக் கண்டாலும் தொடாமல் தள்ளி நின்று, காவல்துறைக்குத் தெரிவியுங்கள்.