குழந்தையின் அறை காத்திருக்கட்டும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் வீடு ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் பழையது. என் மனைவிக்கு இது 20ஆவது வாரம், முதல் குழந்தை. குழந்தைக்கென ஓர் அறை, குளியலறை, சமையலறை மூன்றையும் இதே வரிசையில் பிரசவத்திற்குள் புதுப்பிக்க நினைக்கிறேன். பழைய பெயிண்டைத் தானே சுரண்டித் தருவதாக மனைவி சொல்கிறார். செய்யலாமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

பெயிண்டைச் சுரண்டும் வேலையை உங்கள் மனைவி செய்யவே கூடாது. அவ்வளவு பழைய வீட்டின் அடிப்பூச்சில் ஈயம் கலந்திருக்க வாய்ப்புண்டு. உப்புத்தாளால் தேய்க்கும்போது அது நுண்ணிய தூசியாகி, மூச்சிலும் கைவழியே வாயிலும் சேர்ந்து, தாயின் இரத்தத்திலிருந்து நஞ்சுக்கொடியைக் கடந்து கருவை அடையும். வளரும் மூளைக்குத் தீங்கு செய்யாத ஈய அளவு என்று எதுவும் கண்டறியப்படவில்லை. அடுத்த அறையில் இருந்துகொள்வதும் போதாது. அந்த நாட்களில் அவர் வேறு வீட்டில் தங்கட்டும். நீங்களும் வேலை செய்த உடையோடு அவரிடம் போகாதீர்கள். தூசியைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

உங்கள் வரிசையும் எனக்கு உடன்பாடில்லை. முதல் 6 மாதங்களேனும் குழந்தை பெற்றோரின் அறையிலேயே, தனிப் படுக்கையில், உறங்குவது நல்லது என்று குழந்தை மருத்துவர்கள் பரிந்துரைக்கிறார்கள். ஆனால் பிரசவம் முடிந்து வரும் பெண்ணுக்கு, வழுக்காத தரையும் தடையில்லாத தண்ணீரும் உள்ள குளியலறை முதல் நாளே வேண்டும். நான் இதைத் தலைகீழாகச் செய்தவன். சுவரில் மேகங்கள் தீட்டிய அறை தயாராக இருந்தது, குளியலறையில் குழாய் இல்லை. ஆறு வாரங்கள் வாளியில் தண்ணீர் சுமந்தேன்.

நாட்களைப் பின்னாலிருந்து எண்ணிப் பாருங்கள். பிரசவம் 40ஆவது வாரம் என்று குறித்திருந்தாலும் 37ஆவது வாரத்தையே உங்கள் எல்லையாகக் கொண்டால், கையில் இருப்பவை 17 வாரங்கள். புதிய சிமென்ட் பூச்சு பெயிண்டை ஏற்குமளவு உலர ஏறத்தாழ 28 நாட்களும், ஜன்னல்களைத் திறந்துவைத்து வாடை போக்க மூன்று வாரங்களும் கழித்தால், இடிக்கவும் கட்டவும் 10 வாரங்கள்தான் மிஞ்சும். அதற்குள் குளியலறை முடியும். சமையலறை ஒருவேளை முடியலாம். மூன்றுமே முடியும் என்று கொத்தனார் சொல்லக்கூடும். அவர் தாம் வேலை செய்யும் நாட்களை எண்ணுகிறார், சுவர் உலரும் நாட்களை அல்ல.

குழந்தையின் அறையைப் பூட்டிவையுங்கள். அங்குள்ள பெயிண்ட் உரியாமல் உறுதியாக இருந்தால், இப்போதைக்கு அதைத் தொடாமல் விடுவதே பாதுகாப்பு. பிறகு எப்போது சுரண்டினாலும், அந்த நாட்களில் தாயும் சேயும் வீட்டில் இருக்க வேண்டாம்.