கொலையாளி ‘வந்தானா’, ‘வந்தாளா’?
துப்பறியும் கதை எழுதுகிறவர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

குற்றக் கதை எழுதுகிறவர்கள், எழுதி முடித்துவிட்டு வெளியிட வழி தேடுகிறவர்கள் ஆகியோரின் கேள்விகளுக்கு மட்டும் இந்த இதழில் இடம். பலர் ஒரே விஷயத்தைக் கேட்டிருந்ததால் சில கேள்விகளைச் சேர்த்திருக்கிறோம்.

*கொலையாளி ஆணா பெண்ணா என்பதைக் கடைசி அத்தியாயம் வரை மறைக்க வேண்டும். வினைமுற்றே காட்டிக்கொடுத்துவிடுகிறது. ‘அந்த உருவம்’ என்று எழுதி எழுதி எனக்கே அலுத்துவிட்டது. வேறு வழி உண்டா?*
– வாசகி, நாமக்கல்

உண்டு. ‘உருவம்’ என்ற சொல்லைப் பார்த்ததும் வாசகர் உஷாராகிவிடுவார். ‘ஆணாக இருந்தால் அவன் என்றே எழுதியிருக்கலாமே, அப்படியானால் பெண்தான்’ என்று கணக்குப் போட்டுவிடுவார். மறைக்கிறோம் என்பதே தெரியாதபடி மறைக்க வேண்டும்.

முதல் வழி, பொருள்களை எழுவாயாக்குவது. “சாவி இரண்டு சுற்று சுற்றியது. கதவு உள்பக்கம் நகர்ந்தது. ஈரச் செருப்பின் தடம் ஹாலைத் தாண்டிச் சமையலறை வரை போனது.” இதில் ஆள் இருக்கிறார், பால் இல்லை. இரண்டாவது, எச்சங்களை அடுக்கி அஃறிணை வினையில் வாக்கியத்தை முடிப்பது. “விளக்கைப் போடாமல் நான்கு எட்டு வைத்ததும் ஸ்டூல் ஒன்று காலில் இடறியது.” மூன்றாவது, கொலையாளியின் பகுதியைத் தன்மையில் எழுதுவது. ‘திறந்தேன், நுழைந்தேன்’ என்பதில் பால் தெரியாது. ஆனால் அந்தப் பகுதியில் வேறு யாரும் வாய் திறக்கக் கூடாது. ஒரு ‘வாடா’, ஒரு ‘என்னக்கா’ போதும், எல்லாம் போச்சு.

நான்காவது வழியான ‘வந்தவர்’, ‘சென்றார்’ எளிது என்று பலர் நினைக்கிறார்கள். அதிகம் மாட்டிக்கொள்வதும் அதில்தான். டிரைவர், வாட்ச்மேன், தம்பி மகன் எல்லோரையும் கதை முழுக்க ‘வந்தான்’ என்று எழுதிவிட்டு, கொலை நடக்கும் இரவில் மட்டும் ‘வந்தவர்’ என்றால், சந்தேகப் பட்டியலில் டாக்டரும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியரும்தான் மிஞ்சுவார்கள். கதைசொல்லி யாருக்கு ‘ன்’ போடுவார், யாருக்கு ‘ர்’ போடுவார் என்பதை முதல் அத்தியாயத்துக்கு முன்பே முடிவு செய்யுங்கள். வயது வந்த எல்லோருக்கும் ‘ர்’ என்று வைத்துக்கொண்டால் இந்த வழி செல்லும்.

எழுதி முடித்ததும் அந்தக் காட்சிகளை மட்டும் தனிக் கோப்பில் ஒட்டி, ‘ான்’, ‘ாள்’ என்று தேடிப் பாருங்கள். கண்ணுக்குத் தப்பியது அதில் சிக்கும். இப்படிப்பட்ட காட்சி ஒவ்வொன்றும் ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். நாவலுக்கு மூன்று போதும்.

*படித்த நண்பர்களில் பாதிப் பேர் ‘ஐந்தாம் அத்தியாயத்திலேயே கண்டுபிடித்துவிட்டோம்’ என்கிறார்கள். மீதிப் பேர் ‘முடிவு எங்கிருந்தோ வந்து குதித்தது’ என்கிறார்கள். யாரை நம்புவது?*
– வாசகர், திண்டுக்கல்

இரண்டு பேரையும் நம்புங்கள். தடயங்கள் குறைவாக இருக்கின்றன, இருப்பவையும் வெளிச்சத்தில் நிற்கின்றன என்பதுதான் இதற்கு அர்த்தம்.

இரண்டு நாள்காட்டி எழுதுங்கள். ஒன்றில் கொலையாளி என்ன செய்தார் என்பது நாள், மணி, இடம் வாரியாக. இன்னொன்றில் துப்பறிகிறவர் எதை எப்போது தெரிந்துகொள்கிறார் என்பது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், எந்த உண்மைக்கு வாசகர் கண்ணெதிரே தடயமே இல்லை என்பது தெரிந்துவிடும். துப்பறிகிறவர் பார்த்ததை வாசகரும் பார்த்திருக்க வேண்டும். இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். வாசகர் தோற்பதற்குச் சம்மதித்துத்தான் புத்தகத்தை எடுக்கிறார், ஏமாறுவதற்கு அல்ல.

தடயத்தை எப்படி ஒளிப்பது? ஒரு எடுத்துக்காட்டு. ‘புதன்கிழமை 11 மணிக்கு வீட்டில் டி.வி.யில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தேன்’ என்கிறார் ஒருவர். அன்று அந்தப் பகுதியில் மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9 மணியிலிருந்து மின்தடை. இதை எப்படி முன்கூட்டியே சொல்வது? இரண்டாம் அத்தியாயத்தில் ஒரு அம்மா புலம்பட்டும்: “பால்காரன் இன்னும் வரல, ஒம்போதுக்குள்ள மோட்டார் போட்டாகணும், இவன் என்னடான்னா இன்னும் தூங்குறான்.” மூன்று புலம்பலில் நடுவில் இருப்பதுதான் தடயம். அடுத்த வரியிலேயே வாசலில் போலீஸ் ஜீப் வந்து நிற்கட்டும். வாசகரின் கவனம் ஜீப்போடு போய்விடும், மோட்டார் மட்டும் மனதின் அடியில் கிடக்கும்.

இதே தடயத்தைப் பத்தியின் கடைசி வரியில் வைத்தாலோ, தனிப் பத்தியாக நிறுத்தினாலோ, துப்பறிகிறவர் அதைக் கேட்டுப் புருவத்தை உயர்த்தினாலோ கெட்டது. உங்கள் ஐந்தாம் அத்தியாயத்தை இந்த மூன்றுக்காகவும் ஒருமுறை படித்துப் பாருங்கள்.

*302 என்று எழுதினால் இன்னும் செல்லுமா? காவல் நிலையக் காட்சிகளில் வேறு என்ன கவனிக்க வேண்டும்?*
– வாசகர்கள், கடலூர், விருதுநகர்

கதை எந்தத் தேதியில் நடக்கிறது என்பதைப் பொறுத்தது. 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்துவிட்டது. அன்று முதல் நடக்கும் கொலைக்குப் பிரிவு 103. அதற்கு முன் நடந்த குற்றம் என்றால், வழக்கு இன்று நீதிமன்றத்தில் நடந்தாலும் பழைய 302 தான். முதல் தகவல் அறிக்கை முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 154, இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173. சந்தேக மரண விசாரணை 174 ஆக இருந்தது, இப்போது 194.

அடிக்கடி காணும் பிழைகளைச் சொல்கிறோம். புகார் கொடுத்த கையோடு எப்.ஐ.ஆர். நகலோடு ஆள் வெளியே வருகிறார். தமிழ்நாட்டில் பல புகார்களுக்கு முதலில் கையில் கிடைப்பது, புகாரைப் பதிவேட்டில் குறித்துக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதுதான். காணாமல்போனவரைத் தேடும் குடும்பம் ‘சி.எஸ்.ஆர். மட்டும்தான் போட்டிருக்காங்க’ என்று பேசினால் காட்சிக்கு உயிர் வந்துவிடும். அடுத்து, கைதானவரை மூன்று நாள் நிலையத்திலேயே வைத்து விசாரிக்கிறார்கள். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். கதையில் மீறலாம், ஆனால் மீறுகிறோம் என்பது பாத்திரங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பெரிய பிழை, ஒப்புதல் வாக்குமூலம். இன்ஸ்பெக்டரிடம் ‘நான்தான் கொன்றேன்’ என்று கதறி அழுததோடு கதை முடிகிறது. காவல்துறை அதிகாரியிடம் சொன்ன ஒப்புதல் நீதிமன்றத்தில் சாட்சியமாகாது. ஆனால் கைதானவர் சொன்னதை வைத்துக் கிணற்றிலிருந்து அரிவாளை எடுத்தால், அந்தக் கண்டெடுப்புக்கு வழிகாட்டிய பகுதி மட்டும் செல்லும். நல்ல கதை ஒன்று இந்த இடைவெளியிலேயே ஒளிந்திருக்கிறது.

காலக்கெடு வேண்டுமென்றால் சட்டமே தருகிறது. கொலை வழக்கில் 90 நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாகாவிட்டால், காவலில் இருப்பவர் ஜாமீன் கேட்டுப் பெற உரிமை உண்டு. 84ஆம் நாளில் கதையைத் தொடங்கிப் பாருங்கள்.

*பிரேதப் பரிசோதனை மருத்துவர் ‘இரவு 10.10க்கும் 10.30க்கும் இடையில் மரணம்’ என்று சொல்வதாக எழுதியிருக்கிறேன். சரியா?*
– வாசகர், வேலூர்

சரியில்லை. உடலின் நிலையை மட்டும் பார்த்து அவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடியாது. சில மணி நேர இடைவெளியாகத்தான் சொல்வார்கள்.

உங்கள் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். உடல் குளிர்வதை வைத்து நேரம் கணிப்பது சுற்றுப்புறம் உடலைவிடக் குளிராக இருக்கும்போதுதான். மே மாதத்து வேலூரில், ஓட்டு வீட்டின் மூடிய அறையில், வெப்பம் 37 டிகிரியைத் தாண்டி நிற்கும்போது உடல் எங்கே குளிரும்? விறைப்பு இமை, தாடையில் முதலில் தெரிந்து கீழ்நோக்கிப் பரவும். வெயிலில் அது சீக்கிரம் வந்து சீக்கிரம் விலகிவிடும். கதைக்கு அதிகம் உதவுவது ரத்தத் தேக்கம். இறந்தபின் ரத்தம் கீழ்ப்பக்கம் இறங்கித் தோலில் நீலச் சிவப்பாகத் தெரியும், ஏறக்குறைய 6 முதல் 12 மணி நேரத்தில் நிலைத்துவிடும். மல்லாந்து கிடக்கும் உடலின் நெஞ்சில் அந்த நிறம் இருந்தால், குப்புறக் கிடந்ததை யாரோ பிறகு புரட்டியிருக்கிறார்கள். துல்லியமான நேரம் வேண்டுமானால் கைப்பேசியும் சி.சி.டி.வி.யும் தரட்டும். அப்போதும் கேமராவின் கடிகாரம் சரியாக ஓடியதா என்று ஒரு பாத்திரம் கேட்கட்டும்.

*பதிப்பாளர் வாய்மொழியாகப் பேசி நாவலை வாங்கிக்கொண்டார். இப்போது சினிமாவுக்குக் கேட்கிறார்கள். உரிமை யாருக்கு?*
– வாசகி, தஞ்சாவூர்

உங்களுக்குத்தான். பதிப்புரிமைச் சட்டம், 1957இன்படி உரிமை மாற்றம் எழுத்தில், கையொப்பத்தோடு இருந்தால்தான் செல்லும். பதிவு செய்திருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. எழுதிய கணத்திலேயே உரிமை பிறந்துவிடுகிறது. ஆனால் நீங்கள் எழுதியது என்பதைக் காட்ட, தேதியுடன் கூடிய கோப்புகளையும் அனுப்பிய மின்னஞ்சல்களையும் அழிக்காமல் வையுங்கள்.

இனி கையெழுத்திடும் ஒப்பந்தத்தில் ‘அனைத்து உரிமைகளும்’ என்ற சொற்றொடரைக் கண்டால் பேனாவை மூடிவிடுங்கள். அச்சு, மின்நூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, திரை என்று தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். ஒவ்வொன்றுக்கும் எத்தனை ஆண்டு, எந்த நாடு, எவ்வளவு ராயல்டி என்று இருக்க வேண்டும். ஆண்டு குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். கொடுத்த உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தாலொழிய அது காலாவதியாகிவிடும். திரைக்காரர்களிடம் வெறும் ‘ஒன்லைன்’ சொல்லிவிட்டு வராதீர்கள். சட்டம் காப்பது எழுதப்பட்ட வடிவத்தை. கருவுக்குப் பாதுகாப்பு இல்லை.

*கிண்டிலில் நானே வெளியிட்டேன். மாதிரிப் பக்கங்களைப் படிக்கிறவர்கள் வாங்குவதில்லை.*
– வாசகர், கோவை

உங்கள் கோப்பைத் திறந்து பார்த்தோம். வாழ்த்துரை, அணிந்துரை, என்னுரை, நன்றி என்று பதினோரு பக்கம். மாதிரியாக இலவசமாகக் காட்டப்படுவது நூலின் தொடக்கத்தில் ஏறக்குறைய 10 சதவீதம். 100 பக்க நாவலில் அது முழுவதும் உரைகளுக்கே போய்விட்டது. பிணம் கிடைப்பது பதினான்காம் பக்கத்தில்! உரைகள் அனைத்தையும் நூலின் பின்பக்கம் கொண்டுபோங்கள். அதிலும் ஒரு அணிந்துரை கொலையாளியின் நோக்கத்தைச் சொல்லிவிடுகிறது.

எழுத்து யூனிகோடில் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டியதை அப்படியே ஏற்றினால் வாசகருக்குத் தெரிவது ஆங்கில எழுத்துக் குப்பைதான். எழுத்துரு மாற்றியில் போட்டு எடுத்தபின் கொம்பும் காலும் இடம் மாறியிருக்கும், வரிவரியாகத் திருத்த வேண்டும்.

இந்திய விற்பனையில் 70 சதவீத ராயல்டி வேண்டுமானால் அமேசானின் கிண்டில் வெளியீட்டுத் தளமான கே.டி.பி.யின் செலக்ட் திட்டத்தில் சேர வேண்டும். சேர்ந்தால் 90 நாள் அந்த மின்நூல் வேறெங்கும் இருக்கக் கூடாது. இணையத்தில் தொடராக எழுதியிருந்தால் முதலில் எடுத்துவிடுங்கள், 10 சதவீதம் வரை மாதிரியாக விடலாம். அச்சு நூலுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. 90 நாளில் 5 நாள் இலவசமாகக் கொடுக்கலாம். அதைத் தொடர் நாவலின் முதல் பாகத்துக்கு, இரண்டாம் பாகம் வெளிவரும் வாரத்தில் செலவழியுங்கள்.

*சென்னைப் புத்தகக் காட்சிக்கு என் முதல் துப்பறியும் நாவலைச் சொந்தமாக அச்சிட்டுக் கொண்டுவர ஆசை. என்ன செய்ய வேண்டும்?*
– வாசகர், திருநெல்வேலி

பொங்கலையொட்டி நடக்கும் காட்சி என்பதால் பின்னோக்கி எண்ணுங்கள். டிசம்பர் நடுவில் புத்தகம் கையில் இருக்க வேண்டும். நவம்பரில் அச்சகம், அக்டோபரில் மெய்ப்பு. மெய்ப்பு இரண்டு பேர் பார்க்கட்டும். ஒருவர் எழுத்துப்பிழைக்கு. மற்றவர் கையில், மேலே திண்டுக்கல் வாசகருக்குச் சொன்னது போன்ற நாள்காட்டிகளைக் கொடுத்து, நாளும் மணியும் பொருந்துகின்றனவா என்று மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். பக்கங்கள் 16இன் மடங்கில் வந்தால் தாள் வீணாகாது. 163 பக்கம் வந்தால் 160க்குள் அடக்கப் பாருங்கள்.

நூலை அடையாளம் காட்டும் சர்வதேச எண்ணான ஐ.எஸ்.பி.என்.ஐ ராஜாராம் மோகன்ராய் தேசிய முகமை இலவசமாகவே தருகிறது, இணையத்தில் விண்ணப்பிக்கலாம். அதை வாங்கித்தருவதாகச் சொல்பவரிடம் காசு கொடுக்காதீர்கள். வெளியிட்ட 30 நாளுக்குள் சென்னை கன்னிமாரா உள்ளிட்ட நான்கு பொது நூலகங்களுக்குப் பிரதி அனுப்புவது பதிப்பாளரின் சட்டக் கடமை. இப்போது பதிப்பாளர் நீங்கள்தான்.

வெளியீட்டு விழா வைத்தால் பேச்சாளர்களை முன்கூட்டியே பார்த்துப் பேசுங்கள். அன்பு மிகுதியில் மேடையிலேயே முழுக்கதையையும் சொல்லிவிடுவார்கள். ‘50ஆம் பக்கத்துக்கு மேல் எதையும் சொல்ல வேண்டாம்’ என்று ஒரு துண்டுச்சீட்டைப் புத்தகத்திலேயே செருகிக் கொடுங்கள். மதிப்புரைக்கு அனுப்பும் பிரதிகளிலும் அதே சீட்டு இருக்கட்டும். பின்னட்டை வாசகமும் அந்த 50 பக்கத்துக்குள் நிற்கட்டும்.

*எங்கள் ஊரில் நடந்த உண்மைக் கொலையை நாவலாக்கலாமா?*
– வாசகி, தர்மபுரி

சம்பவத்தின் எலும்புக்கூட்டை எடுத்துக்கொள்ளலாம். ஊர், தொழில், உறவுமுறை, ஆண்டு நான்கையும் மாற்றுங்கள். பெயரை மட்டும் மாற்றினால் ஊரே அடையாளம் கண்டுவிடும். இறந்தவரைப் பற்றி எழுதினாலும் குடும்பத்தைப் புண்படுத்தும் நோக்கம் இருந்தால் அவதூறு ஆகலாம். பாலியல் வன்முறைக்கு ஆளானவரின் பெயரையோ அடையாளம் தரும் விவரத்தையோ அச்சிடுவது நியாய சன்ஹிதாவின் 72ஆம் பிரிவின்படி குற்றம். வழக்கில் சிறுவர் சம்பந்தப்பட்டிருந்தால் பள்ளியின் பெயர்கூட வரக் கூடாது. இறந்தவரின் தாய் அதே தெருவில் இருக்கிறார் என்றால், அவர் இந்தப் புத்தகத்தைப் படிப்பார் என்று வைத்துக்கொண்டே ஒவ்வொரு பக்கத்தையும் எழுதுங்கள்.